டின்னுக்குள் வைத்த ஸ்டவ்

தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களே, போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தேன். பெங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த நாலு பிள்ளைகள் மேட்டடியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டவ். அதற்கு எண்ணெய் போகிற சிவப்பு பாட்டில் ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. காற்று அடிக்கிறதென்று மடிப்புத் தகடு ஒன்றைக் கொண்டு ஸ்டவ்வையும் பாட்டிலையும் சேர்த்துச் சுற்றி வளைத்து மூடியிருந்தார்கள். உள்ளே உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் என் கையிலிருந்த தழை கீழே விழுந்துவிட்டது.

"ஏய், அந்தத் தகட எடுங்க! பாட்டில வெளிய வைங்க!"

ஒரு பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, காத்து ஜாஸ்தி. அணைஞ்சி போயிடுது" என்றது.

"அணைஞ்சா அப்பால பத்த வெச்சிக்கலாம்மா. பாட்டில தொட்டுப் பாரு மொதல்ல."

தொட்டுப் பார்த்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அணைத்து, ஆறவிட்டு, பாட்டிலை ஒரு கை தூரம் தள்ளி வைத்து, தகட்டைக் காற்று வருகிற பக்கம் மட்டும் நிறுத்திப் பற்ற வைத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் டீ கொடுத்தார்கள். குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வயசானவளுக்கு டீ பிடிக்கவில்லை என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றுகூடல் மலருக்கு ஏதாவது எழுது எழுது என்று மூன்று மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இதையே எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும் படித்த கைதான். ஆனால் இன்னொருவரிடம் சொல்லி எழுதி வாங்கவில்லை. பிழை இருந்தால் என் பிழை.

எனக்கு ஒன்பது வயது. மாரிகுப்பத்தில் இருந்தோம். நைனா டே ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று மாறி மாறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஊரிகத்தில் ஒரு துரை பங்களாவில் சமையல் செய்துகொண்டிருந்தாள். அந்தத் துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குப் போகும்போது சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனான். பெரியம்மாவின் பங்குக்கு வந்தது ஒரு பச்சை டின் பெட்டி. துரை காட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது எடுத்துப் போகிற ஸ்டவ் அதற்குள் இருந்தது. பித்தளை டாங்கி, அதன் வயிற்றில் ஒரு பம்ப், மேலே மூன்று மடக்குக் கால்கள், காற்றை வெளியே விடுவதற்கு ஒரு திருகு. மண்ணெண்ணெயில் எரிவது.

அம்மா அப்போது நிறைமாதம். விறகுப் புகை பட்டால் இருமி இருமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்த்துதான் பெரியம்மா பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நல்ல மனசோடு கொண்டுவந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சிலர் அவளைத்தான் குறை சொன்னார்கள்.

பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஸ்டவ்வின் படம், அதன்மேல் ஒரு கை, ஒரு பெரிய பெருக்கல் குறி. எங்கள் லைனில் அதைப் படிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. படிக்கத் தெரிந்தவரைத் தேடவும் யாருக்கும் தோன்றவில்லை. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தம்பி பிறந்தபோது அவன் பிறந்த நாளையும் மணியையும் நைனா அங்கேதான் எழுதி வைத்தார்.

நம் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் தட்டி, அதன்மேல் மண் பூச்சு, ஒரே வாசல், இந்த வீட்டுத் தட்டிதான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒன்று பற்றினால் வரிசை முழுக்கப் பற்றும். அதனால் நைனா, "இது வீட்டுக்குள்ள வேணாம், வெளிய ஒண்டிதான்" என்றார். அது சரியான பேச்சு. அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

முதல் நாள் பற்ற வைத்ததை லைனே கூடிப் பார்த்தது. பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"மேல கீற கிண்ணத்துல கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்திக் கொளுத்துங்க. அது எரிஞ்சி எரிஞ்சி பர்னர் நல்லா காயணும். அப்பால பம்ப் அடிங்க. தொரை அப்படித்தான் செய்வாரு."

"தொரை செய்வாரு, தொரை செய்வாரு. விளக்க நான் எத்தினி வருஷமா பத்த வைக்கறேன் தெரியுமா?" என்றார் நைனா.

அவர் சொன்ன விளக்கு தொப்பியில் மாட்டுகிற கார்பைடு விளக்கு. அதை மைன்ஸ் ஆள் எப்படிப் பற்ற வைப்பான் என்று உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டு, விளக்கின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்வான். உள்ளே காஸ் சேரும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கையைச் சர்ரென்று இழுத்தால் சக்கரத்தில் பொறி பறந்து டப் என்று பிடிக்கும். எங்கள் நைனா அதை ஒரு வித்தை மாதிரி செய்வார். ஷிஃப்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகள் நாங்கள் கூட்டமாக நின்று பார்ப்போம்.

அந்த வித்தையைத்தான் ஸ்டவ்விடமும் காட்டினார். பர்னர் காயவில்லை. பத்துப் பதினைந்து முறை பம்ப் அடித்தார். மேலே மண்ணெண்ணெய் பனி மாதிரி சீறியது. அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, "இரு, சேரட்டும்" என்றார். பிறகு தட்டை எடுத்துத் தீக்குச்சியை நீட்டினார்.

கூரை உயரத்துக்கு எழும்பியது. தீ எழும்பியதை விட, அது எழும்பும்போது அக்கம்பக்கத்துக் காற்றையெல்லாம் ஒரு முறை உள்ளே இழுத்ததே, அதுதான் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. என் பாவாடை அந்தப் பக்கமாக அசைந்தது. நைனா மல்லாக்க விழுந்தார். ஒரு பக்க மீசையும் இரண்டு புருவமும் போய்விட்டன. கருகின மயிர் வாடை லைன் முழுக்க அடித்தது.

எதிர்வீட்டு மேஸ்திரி, "இன்னாய்யா, பாதி மீசையோட கேஜ்ல ஏத்துவாங்களா உன்ன?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் கழிவறைச் சந்துக்குள் ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். என்னைத் தேடிக் கண்டுபிடித்து இழுத்து வந்தபோது நான் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போயிருந்தேன்.

அதற்கும் சிரித்தார்கள்.

நைனாவுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. மைன்ஸில் வேலை செய்கிறவன் மகள் பயப்படலாமா? பயத்தை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். மறுநாளிலிருந்து ஸ்டவ் எரியும்போதெல்லாம் அதன் பக்கத்தில் நான்தான் உட்கார வேண்டும். பம்ப் நான்தான் அடிக்க வேண்டும். ஐம்பது எண்ணி அடி என்பார். முப்பதுக்கு மேல் எனக்கு எண்ண வராது. முப்பது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

"பாரு, ஒண்ணும் பண்ணல இல்ல? அது சொம்மா சத்தம் போடுது. கொலைக்கிற நாய் மாதிரி" என்பார்.

ஆனால் நாய் எப்போது கடிக்கும் என்று எனக்குத் தெரியும். இது எப்போது கடிக்கும் என்று தெரியாது. அதன் இரைச்சல் என் பல்லுக்குள் இறங்கும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் பல் கூசும். அந்த மண்ணெண்ணெய் வாடை என் சடையில் ஏறிப் பூவையும் கெடுத்தது. அப்படிப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தால் பயம் போய்விடும் என்று அவர் நம்பினார். இப்போது யோசித்தால் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவரையும் பதினாறு வயதில் அப்படித்தான் யாரோ கேஜ் கூண்டில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் இறக்கியிருப்பார்கள்.

பயத்தால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அந்த ஸ்டவ்வைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் காதில் வாங்கி வைத்துக்கொள்வேன். பெரியம்மா வாராவாரம் வரும்போது அம்மாவிடம் சொல்வாள். துரை எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்ற மாட்டார். அணைத்து, கை பொறுக்கிற அளவுக்கு ஆறினபிறகுதான் மூடியைத் தொடுவார். கூடாரத்திலிருந்து பத்து அடி தள்ளி, மட்டமான கல்லின் மேல்தான் வைப்பார். அடிக்கடி டாங்கியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு தாங்கவில்லை என்றால் உடனே திருகைத் திறந்துவிடுவார். காற்று புஸ்ஸென்று போய்ப் பாதி தீ தானாக விழுந்துவிடும்.

அம்மா உம் கொட்டுவாள். நைனா, "சமையக்காரி எனக்கு என்ஜினீயர் வேலை சொல்லித் தரா" என்பார். நான் மட்டும் ஒன்றையும் விடாமல் நெஞ்சில் போட்டு வைத்தேன்.

தம்பி பிறந்தான். அது ஆடி மாதம். அந்த மாதத்தில் சைனைட் மேட்டிலிருந்து வெள்ளை மண் பறந்து வந்து சோற்றில் விழும், கண்ணில் விழும், கொடியில் காயும் துணியில் படியும். பிள்ளை பெற்றவளுக்குக் கஷாயம் வைக்க வேண்டும், வேளைக்கு வெந்நீர் காய வேண்டும். வெளியில் ஸ்டவ் நிற்கவே இல்லை. காற்று அணைக்கும், இல்லையென்றால் மண் போய் பர்னர் ஓட்டையை அடைக்கும். நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஊசி போட்டுக் குத்திக் குத்தி அவளுக்கு அலுத்துப்போனது.

நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதற்கு ஒரு வழி பண்ணினார். கார்பைடு வருகிற பெரிய டின் ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தார். இடுப்பளவு உயரம். அடிப்பக்கத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினார். ஸ்டவ்வை டின்னுக்குள் இறக்கி, கல் கொடுத்து உயர்த்தி, டின்னின் வாயிலேயே வெந்நீர்க் குண்டானை உட்கார வைத்தார். காற்றும் போகாது, மண்ணும் போகாது. போதாததற்குக் காற்றுக்கு ஒதுக்காக அதை வாசல் பக்கத்துத் தட்டியோரமாக நகர்த்தி வைத்தார்.

எப்படி எரிந்தது தெரியுமா! அரைமணி காய்கிற தண்ணீர் கால்மணியில் காய்ந்தது. லைன் ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். மேஸ்திரி, "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுய்யா" என்றார். நைனாவுக்கு மீசை பாதி முளைத்திருந்தது. அதை முறுக்கிக்கொண்டார்.

அடுத்த நாள் பெரியம்மா வந்தாள். டின்னைப் பார்த்ததும் கூடையை இறக்காமலே நின்றாள்.

"யோவ், இன்னா இது? நாலு பக்கமும் மூடி வெச்சிருக்கே? சூடு எங்க போவும்? எல்லாம் டாங்கிக்குத்தான் போவும். தொரை காத்து வர பக்கம் ஒண்டிதான் மறைப்பாரு."

"தொரைக்குக் காட்டுல நரி பயம், காத்து பயம், எல்லா பயமும். எங்க மேல மல மாதிரி பாறை உக்காந்துக்கினு கீது. அதுக்கே நாங்க பயப்படல. இந்தத் தக்கினூண்டு பித்தளைக்கா?"

"பயத்துக்குச் சொல்லலய்யா. தொட்டுப் பாக்கறதுக்காவது வழி வைன்னு சொல்றேன்."

"அதான் ஜன்னல் வெச்சிருக்கேனே."

பெரியம்மா ஜன்னலுக்குள் கையை விடப் பார்த்தாள். அனல் தாங்காமல் எடுத்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கூடையோடு அம்மாவைப் பார்க்க உள்ளே போனாள். நைனாவின் வீட்டில் நைனாவுக்கு மேலே பேச அவளால் முடியாது.

அதற்கு நாலைந்து நாள் கழித்து அந்தக் காலை வந்தது. நைனா டே ஷிஃப்ட். அம்மா உள்ளே பாயில் தம்பியை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அத்தை டின்மேல் குண்டானை வைத்து வெந்நீர் காய வைத்துக்கொண்டிருந்தாள். பற்ற வைக்கும்போதே ஜன்னல் வழியாகப் பம்ப் அடித்துவிட்டு நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் குண்டான் தண்ணீர் நடுங்கியது. பிறகு பூமிக்கு அடியில் யாரோ பெரிய கதவைச் சாத்தினது போல தொம் என்றது. ஓடு நாலைந்து சரிந்து விழுந்தது. தட்டியிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

ராக் பர்ஸ்ட். கீழே பாறை வெடித்துச் சரிகிறது. எந்த ஆழத்து லெவலில், யார்மேல் என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தச் சத்தம் கேட்டால் நாம் என்ன செய்வோம்? யாரும் யாரையும் கேட்க மாட்டோம். வீட்டைப் பூட்ட மாட்டோம். போட்டது போட்டபடி சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்கு ஓடுவோம். தோசை கல்லில் கிடக்கும், துணி சோப்பு நுரையோடு கிடக்கும். நம் லைனில் அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. கால் தானாகப் போகும். போகாமல் வீட்டில் நின்றவள் என்று ஒருத்தியும் இருந்ததில்லை.

அத்தையின் புருஷன், எங்கள் மாமா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு சத்தத்தில்தான் போனார். அத்தைக்கு முகத்தில் ரத்தம் இல்லை. கரண்டி கையில் இருக்க ஓட ஆரம்பித்துவிட்டாள். ஓடிக்கொண்டே திரும்பி, "பாப்பா, தண்ணி கொதிச்சா திருக தெறந்து அணைச்சுடு!" என்றாள். அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் லைன் காலி. வழி நெடுக ஒற்றைச் செருப்புகள் கிடந்தன.

நானும் அந்த ஸ்டவ்வும் இருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மாவும் தம்பியும்.

தண்ணீர் கொதித்தது. ஜன்னலுக்குள் கையை விட்டேன். அனல் என் விரலைத் தள்ளியது. எடுத்துவிட்டேன். அப்போது இரைச்சல் மாறியது. இத்தனை நாள் உஸ்ஸென்று இருந்தது, மெல்லிசாக, உச்சத்தில், ஊளை மாதிரி ஆனது. ஜன்னல் வழியாக மஞ்சள் தீ ஒன்று எட்டிப் பார்த்து உள்ளே போனது. மறுபடி எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை உள்ளே போகவில்லை. தட்டியை நக்கியது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த லைனில் என்னை விட நன்றாக யாருக்கும் தெரியாது. ஒரு கட்டையால் டின்னைத் தள்ளிக் கவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போய் அம்மாவை எழுப்பித் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வாசலுக்கும் டின்னுக்கும் நடுவில் ஒரு ஆள் போக இன்னும் இடம் இருந்தது.

"பாப்பா! இன்னாடி சத்தம் அது?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

நான் எழுந்து ஓடினேன். வாசலுக்கு இல்லை, தெருவுக்கு.

"பாப்பா! பாப்பா, வாடி இங்க! பாப்பா!"

நான் திரும்பவில்லை. எல்லாரும் ஓடின திசையில் ஓடினேன். நைனாவைப் பார்க்கப் போகிறேன், நைனாவைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

ஷாஃப்ட் கேட்டில் பெண்கள் நெருக்கி நின்றார்கள். எல்லார் கண்ணும் மேலே சுழலுகிற சக்கரத்தில் இருந்தது. சக்கரம் சுற்றினால் கேஜ் வருகிறது என்று அர்த்தம். நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"ஸ்டவ்வ அணைச்சியா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று ஆட்டினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முப்பது பேர் ஓடியிருப்பார்கள். சொன்னால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும், சொல்லாவிட்டால் இன்னும் நடக்கவில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு.

டம் என்று ஒரு சத்தம் கேட்டது. பெண்களெல்லாம், "அய்யோ, இன்னொண்ணு!" என்று குனிந்து தரையைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் லைன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கூரைகளுக்கு மேல் கறுப்பாகப் புகை எழும்பியது.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். என் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் ஓடிவந்தார்கள்.

அம்மா தெருவில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் தம்பி. அவன் அழக்கூட இல்லை, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். வலது கையை மடியில் மல்லாக்க வைத்திருந்தாள். அதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. பார்த்த அளவே போதும். வாசல் பக்கத்துத் தட்டி கூரை வரைக்கும் கறுத்துப் புகைந்தது. பெண்கள் ஈரச் சாக்கால் அடித்து அடித்து அணைத்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. எதிரே வெறும் திடலில் பித்தளை டாங்கி வாழைப்பூ மாதிரி கிழிந்து விரிந்து கிடந்தது.

என்ன நடந்தது என்று அம்மா ரொம்பச் சுருக்கமாகத்தான் சொன்னாள். தம்பியைப் பாயில் விட்டுவிட்டு வந்து டின்னைக் காலால் உதைத்தாள். குண்டான் கவிழ்ந்து வெந்நீர் தட்டிமேல் கொட்டியது. ஸ்டவ் உருண்டு வாசலில் நின்று தீயைக் கக்கியது. அதைத் தாண்டிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வழியில்லை. கையால் எடுத்துத் திடலுக்கு வீசினாள். பித்தளை கையை விடவில்லை, உதறி வீசினாள். அது அங்கே போய் வெடித்தது.

அன்றைக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆள் இல்லாத பழைய லெவலில் பாறை சரிந்தது என்றார்கள். நைனா சாயங்காலம் முழுசாக வீட்டுக்கு வந்தார். அதற்குள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுக் கூட்டி வந்துவிட்டார்கள். லைன் முழுக்க எங்கள் வாசலில் நின்றது.

நைனா கறுத்த தட்டியைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். உதடு துடித்தது. அவருக்குப் பயம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஸ்டவ் கிட்ட யாரு இருந்தது?" என்று கேட்டார்.

அத்தை அழுதுகொண்டே, "நான் பாப்பா கிட்ட சொல்லிட்டுத்தான் போனேண்ணா. அணைச்சியான்னு கேட்டேன், அணைச்சேன்னு..." என்று ஆரம்பித்தாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நைனாவின் கை இடுப்பு பெல்டுக்குப் போனது.

"அவள இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்றாள் அம்மா. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "நான்தான் ஓடிப்போயி ஆளக் கூட்டியாடின்னு அனுப்பிச்சேன். அவ ஓடலன்னா வரிசையே எரிஞ்சிருக்கும்."

அத்தை வாயை மூடிக்கொண்டாள். மேஸ்திரி என் தலையில் கை வைத்து, "மைன்ஸ்காரன் பொண்ணுடா" என்றார். நைனா பெல்டிலிருந்து கையை எடுத்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து பெரியம்மா வந்தாள். சேதி கேட்டு ஊரிகத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். அம்மாவின் கட்டைத் தொடாமல் பார்த்துவிட்டு நைனா பக்கம் திரும்பினாள்.

"இன்னாய்யா என்ஜினீயரு, ஜன்னல் போதுமானதா இருந்துச்சா?"

நைனா குனிந்தார். நசுங்கின டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கேயோ நடந்து போனார். வெறும் கையோடு திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கதை லைனுக்குச் சொந்தமாகிவிட்டது. நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். தம்பி ரிட்டயர்டு ஆகி இத்தனை வருஷம் ஆகிறது, பங்காருப்பேட்டை வண்டியில் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பேரன் பேத்திகளிடம், "அக்கா ஓடலன்னா நான் இல்ல" என்பான். போன ஒன்றுகூடலில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொன்னான். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து உட்காருவது எனக்குப் பழக்கம். உண்மை இதில் எழுதியிருக்கிறது. தம்பியும் இங்கேதான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் சொல்ல நாலு முறை வாயெடுத்தேன், வரவில்லை.

ஆனால் அம்மாவிடம் சொன்னேன்.

சொன்னேன் என்று கூடச் சொல்ல முடியாது. அது நடந்து ஒரு வாரம் இருக்கும். அம்மாவின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கையின் மூன்று விரல் அப்புறம் கடைசி வரைக்கும் முழுதாக விரியவே இல்லை. அத்தை குழாயடிக்குப் போயிருந்தாள். நைனா ஷிஃப்டில் இருந்தார். தம்பி தூங்கினான். பூண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்து அம்மாவுக்கு நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். சின்னக் கை, உருண்டை சரியாக நிற்காமல் சோறு அவள் மடியில் சிந்தியது.

அம்மா மென்றுகொண்டே தட்டியைப் பார்த்தாள். புதுத் தட்டி, பச்சை மூங்கில் வாடை இன்னும் போகவில்லை.

"நான் கூப்பிட்டேனே," என்றாள். "கேட்டுச்சா?"

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கேட்கவில்லை என்று சொல்லலாம். ஸ்டவ் போட்ட இரைச்சலில் கேட்கவில்லை என்றால் யாரும் நம்புவார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் சொல்வதற்கு வசதியாக, தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

அம்மா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். ரொம்ப நேரம் எடுத்து விழுங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"இன்னொரு வாய் குடு."